அமலராணிக்குப் புது மட்டை

பெண்களுக்குத் தலை வாரிவிடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சாமி. முதலில் நுனியில் சிக்கெடுக்க வேண்டும். அப்புறம் நடுவில். கடைசியில்தான் வேரிலிருந்து சீப்பு இறங்க வேண்டும். அவசரப்படுகிறவன்தான் இழுத்து வலிக்க வைப்பான். இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் என் பெண்டாட்டி அமலராணிக்கு நான்தான் வாரிப் பின்னிவிடுகிறேன். அவளுடைய வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. ஒற்றைக் கையால் பின்னல் போட யாராலும் முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் நீங்கள் இதை எடுத்துப் பேசினீர்கள். பெயர் சொல்லாவிட்டால் என்ன, காட்டூருக்கே தெரிந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் வியாகுலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டு மனுசனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க தம்பி" என்கிறாள். அமலராணி பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என்ன ஏது என்று தெரியாமல் ஒருவனைப் பாராட்டுவது எனக்கு ஆகாது. அளவு தெரியாமல் மரத்தை அறுக்கிற மாதிரி அது.

அதனால்தான் வந்தேன். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வர மாட்டேன். பாவம் என்று நினைக்கிறவன் அங்கே போய் முழங்காலில் நிற்கட்டும். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தே சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள். செய்ததற்கு வருந்தி மனஸ்தாபப்படு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பேட்டர்ன் மேக்கர். துவாக்குடி போகிற வழியில் ஒரு ஃபவுண்டரியில் பதினெட்டு வருஷம். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அந்தச் சாமான் எப்படி இருக்கும் என்று தேக்கில் ஒரு மாதிரி செய்வது என் வேலை. அதை மணலில் பதித்து எடுத்தால் குழி விழும். குழியில் இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்காக மாதிரியை நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதலாகச் செய்ய வேண்டும். அந்த ஒரு பங்கு கண்ணால் பார்த்தால் தெரியாது, தடவிப் பார்த்தாலும் தெரியாது. செய்தவனுக்கு மட்டும் தெரியும். சம்பளமே அந்த ஒரு பங்குக்குத்தான் தருகிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கம்பளிப் பந்தை மர மட்டையால் அடித்து அணிக்கு ஐந்து பேராக ஆடுகிற பூப்பந்து எனக்கு இருபது வயதிலிருந்து பழக்கம். ஃபவுண்டரி அணியில் பின்வரிசையில் பன்னிரண்டு வருஷம் ஆடினேன். மரவேலை தெரிந்தவன் என்பதால் மைதானத்து மட்டைகள் எல்லாம் பழுது பார்க்க என்னிடம்தான் வரும். நரம்பு கட்டுவேன், விரிசலை ஒட்டுவேன், கைப்பிடிக்குத் தோல் சுற்றுவேன். பொன்மலையிலிருந்துகூட ரயில்வேக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அமலராணியை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். அதை யாரும் மறந்துவிடக் கூடாது. எழுபத்தொன்பதாம் வருஷம். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. டாக்டரிடம் போகலாம் என்றாள், வேண்டாம் என்று சொன்னேன். கடவுள் கொடுக்கிறபோது கொடுக்கட்டும். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று ஒரு சாயங்காலம் கையில் ஒரு பழகுமட்டையைக் கொடுத்தேன். பழகுமட்டை என்றால் புதிதாக ஆட வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மட்டமான மட்டை. மரம் மட்டி ரகம், கனம் அதிகம், நைலான் நரம்பு. மூன்று நாளில் கை வலிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கொடுக்கவில்லை.

ஆறு மாதத்தில் மைதானத்தில் அவளுக்குச் சரிசமமாக ஆட ஆள் இல்லை. ஒரு வருஷத்தில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் அணியில் நடு ஆட்டக்காரி. அணிக்குத் தலைவி மட்டுவார்குழலி டீச்சர். மலைக்கோட்டைப் பக்கத்து ஆள், ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, கறாரான பெண்மணி. வாரத்தில் மூன்று நாள் அமலராணி காட்டூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் என்று பிடித்துப் போய்ப் பழகிவிட்டு வருவாள். அந்தப் பழகுமட்டையை வைத்துக்கொண்டே எதிராளிகளின் கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள்.

அப்போதுதான் நல்ல மட்டை கேட்டாள்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. மட்டையை மாற்றினால் ஆட்டம் வந்துவிடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். வராது. தன் மட்டையில் என்ன குறை என்று வாயால் சொல்லத் தெரிகிற அன்றைக்குத்தான் ஒருவர் மட்டை மாற்ற வேண்டும். அதுவரைக்கும் குறை கையில் இருக்கிறது, மட்டையில் இல்லை. எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லத் தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள்.

அவளிடமும் அதையே கேட்டேன். சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"பந்து பட்டதும் இந்த பேட் உடனே விட மாட்டேங்குதுங்க. கொஞ்சம் பிடிச்சு வச்சுக்குது. நான் நினைக்கிற இடத்துக்குப் போகாம அது நினைக்கிற இடத்துக்குப் போகுது. தலைப்பக்கம் கனம் ஜாஸ்தி, அதான். கைப்பிடியும் மெல்லிசு. இறுக்கிப் பிடிச்சாத்தான் நிக்குது, பிடிச்சா தோள் வரைக்கும் இழுக்குது. கனம் கைப்பக்கம் வந்துட்டா நான் எங்க வேணா அடிப்பேன்."

பன்னிரண்டு வருஷம் ஆடிய நான் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. கொள்கைப்படி அன்றைக்கே வாங்கித் தந்திருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். மழைக்காலம் முடியட்டும், ஈரத்தில் புது மரம் வளைந்துவிடும் என்றேன். முடிந்தது. ஜலந்தரிலிருந்து புதுச் சரக்கு வரட்டும் என்றேன். வந்தது. இப்படியே ஒரு வருஷம் கடத்தினேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கடைசியில் வாங்கினதற்குக் காரணம் மட்டுவார்குழலி டீச்சர். அணியிலிருக்கிற பெண்கள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அமலராணிக்கு ஒரு மட்டை வாங்கித் தருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் பெண்டாட்டிக்கு ஊரார் மட்டை வாங்கித் தருவதா. மறுநாளே மெயின்கார்டு கேட் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பதினோரு மட்டையையும் எடுத்து வீசிப் பார்த்து, தட்டிப் பார்த்து, மரத்தின் ரேகை பார்த்து ஒன்றைப் பொறுக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையான மட்டை. பேட்டர்ன் ஷாப் தராசில் வைத்தால் இருநூற்று முப்பது கிராம். குடல் நரம்பு நானே கட்டினேன். அவள் அதை வாங்கி ஒற்றை விரலில் நிறுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, சாமி. நான் பேய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எனக்கும் அவளுக்கும் ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். இருபத்தொன்பதுக்குப் பதினொன்று. நான் பதினொன்று. கடைசி மூன்று பந்தையும் என் இடப்பக்கமே அடித்தாள், எனக்கு இடப்பக்கம் வராது என்று தெரிந்தே அடித்தாள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஃபவுண்டரியில் மணலில் அச்சுப் பிடிக்கிற மோல்டர் அழகிரி எல்லார் முன்னாலும், "என்ன பிலோமின், இனிமே வீட்ல யாரு சோறாக்குறது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதனால்தான் செய்தேன் என்று நீங்கள் முடிவுகட்டக் கூடாது. தோல்வி எனக்குப் புதிது இல்லை. இரண்டு மாதம் நான் ஒன்றும் செய்யவில்லையே.

செப்டம்பரில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். ஏதோ ஒரு வங்கியின் பெண்கள் அணிக்குப் பொறுப்பு. ஸ்ரீரங்கத்தில் இவர்கள் பழகுவதை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பொங்கல் விடுமுறையில் ஸ்ரீரங்கத்திலேயே மாவட்டங்களுக்கு இடையில் போட்டி. அதில் இதே மாதிரி ஆடினால் வங்கியில் குமாஸ்தா வேலை, மெட்ராஸில், என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அமலராணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரெண்டு பேரும் போயிடலாங்க" என்றாள்.

"என் வேலை?"

"அம்பத்தூர்ல ஃபவுண்டரி எத்தனை இருக்கு. பேட்டர்ன் மேக்கர் வேணும்னு பேப்பர்லயே போட்டிருந்தான். வெட்டி வச்சிருக்கேன் பாருங்க."

வெட்டித்தான் வைத்திருந்தாள். பைபிளுக்குள் மூன்று விளம்பரம். இந்த வீட்டில் எந்தக் கம்பெனியில் யார் வேலை பார்ப்பது என்று முடிவெடுக்கிற இடத்துக்கு அவள் வந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். காரணம் இருந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டால் மற்றவர் எங்கே நடப்பது.

வேண்டாம் என்று சொல்லி அவள் ஆசையைக் கெடுத்தேன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். அவளாகவே தோற்க வேண்டும். தோற்று வீட்டுக்கு வந்தால் நான் ஆறுதல் சொல்வேன். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன், இதைவிட நாகரிகமான வழி தெரியவில்லை.

மட்டையில் தலையும் கைப்பிடியும் சேருகிற இடத்தைக் கழுத்து என்போம். அங்கே நூல் சுற்றியிருக்கும். அக்டோபர் முதல் வாரம், நரம்பு பார்க்கிறேன் என்று மட்டையை வாங்கி, அந்த நூலைப் பிரித்து, கழுத்தில் கால் அங்குலத் துளை போட்டேன். பத்து கிராம் ஈயம். மேலே அதே மரத்தில், அதே ரேகையில் ஒரு முளை அடித்து மூடினேன். வார்னிஷ். பழையபடி நூல். கடவுளே இறங்கிவந்து பார்த்தாலும் தெரியாது. கைப்பிடித் தோலையும் ஒரு சுற்றுக் குறைத்துச் சுற்றினேன். நரம்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். பழகுமட்டையில் என்னென்ன குறை என்று அவள் எனக்குச் சொன்னாளோ, அந்தக் குறைகளைத்தான் திருப்பி வைத்தேன். புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் களைத்துவிடுவாள், தோற்றுவிடுவாள் என்பது என் கணக்கு. தோற்கவில்லை. இரண்டு வாரத்தில் அந்தக் கனத்துக்குக் கை பழகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் இன்னொரு பத்து கிராம் வைத்தேன். நவம்பரில் தோளில் வலி என்றாள்.

தினமும் சாயங்காலம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்ற மாட்டேன், முதல் வேலை அதுதான். தைலம் தேய்த்துவிட்டேன். தண்ணீர்க் குடத்தை அவள் தூக்கக் கூடாது என்று தெருக்குழாய்க்கு நானே போனேன். குழாயடியில் பெண்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒரு வாரம் மைதானத்துக்குப் போகாதே என்றும் சொன்னேன். அவள்தான் கேட்கவில்லை. ஒத்தடம் கொடுத்தவனும் நான்தான், ஈயம் வைத்தவனும் நான்தான். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது என்று உங்களுக்குத் தோன்றலாம். முடியும், சாமி. இரண்டையும் செய்யும்போது எனக்கு அவள்மேல் பிரியமாகத்தான் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மூன்றாவது. அப்போது அவளால் வலது கையால் மாவாட்ட முடியவில்லை, ஆனால் பந்தை மட்டும் அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

போட்டி நடந்த பள்ளிக்கூட மைதானம் உத்தர வீதியிலிருந்து கூப்பிடு தூரம். நல்ல கூட்டம். நானும் போயிருந்தேன், ஃபவுண்டரியில் லீவு போட்டுவிட்டு. முதல் நாள் ஜெயித்தார்கள். மறுநாள் அரையிறுதி, மதுரையோடு. மூன்றாவது ஆட்டத்தில் இருபத்தேழுக்கு இருபத்தைந்து. பந்து உயரமாக வந்தது. அவள் எம்பி அடித்தாள். ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம், நான் நின்ற இடத்துக்கே கேட்டது. பந்து எதிர்ப்பக்கம் விழுந்து புள்ளி கிடைத்தது. அமலராணி மட்டையைக் கீழே போட்டுவிட்டு, தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைத்தான் தேடினாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் தோளில் தசைநார் அறுந்துவிட்டது என்றார். "ஒரு நாள்ல அறுந்தது இல்லைங்க இது. ரொம்ப நாளா நைஞ்சு நைஞ்சு வந்திருக்கு. வலிச்சிருக்குமே, ஏன் ஆடவிட்டீங்க?" என்று என்னைக் கேட்டார். அவள் குறுக்கிட்டு, "அவங்களைச் சொல்லாதீங்க டாக்டர், அவங்க ஆட வேணாம்னுதான் சொன்னாங்க" என்றாள். ஆபரேஷன் செய்தார்கள். கை நெஞ்சுவரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

வங்கி வேலை சாரா பீவிக்குப் போனது. அதே அணியில் முன்வரிசையில் ஆடிய பெண், பொன்மலை ரயில்வேக்காரர் மகள். மெட்ராஸிலிருந்து மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். அமலராணி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். பொறாமையே கிடையாது அவளுக்கு. "அவங்க எனக்காக எவ்வளவோ பார்த்தாங்க, என் கைதான் ஏமாத்திடுச்சு" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வாள். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள், நீங்கள் பிரசங்கம் வைத்துவிட்டீர்கள்.

மட்டையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டாள். விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லி ஃபவுண்டரி உலையில் போட்டுவிட்டேன்.

இதுதான் நான் செய்தது. முப்பது கிராம் ஈயம். வீட்டில் உப்பு நிறுத்தால்கூட அந்த அளவு முன்னே பின்னே போகும். கை அறுந்து போகும் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் டாக்டரா? தோற்க வேண்டும் என்று நினைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஊனமாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இன்றைக்கு அவளுக்கு ஒரு குறை வைத்திருக்கிறேனா? புடவைக் கொசுவம் நான் பிடித்துவிடுகிறேன், மீன் முள் எடுத்துத் தருகிறேன், பஸ்ஸில் ஏறும்போது கை கொடுக்கிறேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. காட்டூரில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், எங்கள் வீட்டில் இருக்கிற அமைதி இருக்காது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. ஒன்றை விட்டுவிட்டேன். மறைக்க வேண்டும் என்று விடவில்லை, அது தேவையில்லை என்று விட்டேன். நீங்கள் பார்க்கிற பார்வைக்குச் சொல்லிவிடுகிறேன்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாரா பீவி தன் மட்டைக்கு நரம்பு கட்ட வந்தாள். அமலராணி அப்போது வீட்டில் இல்லை, கோயிலில் ஜெபமாலை சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சாரா மட்டையை நீட்டிவிட்டு, "அண்ணே, அப்படியே அக்கா பேட்ல வச்ச மாதிரி எனக்கும் ஈயம் வச்சுக் குடுங்கண்ணே" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அக்காதான். தீபாவளிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க. விரல்ல நிறுத்திப் பார்த்தா கனம் தலைப்பக்கம் போயிருக்குன்னு எங்களுக்கெல்லாம் காட்டினாங்க. நாங்க என்னடான்னா பிரஸ்ஸை மாட்டி வீசி வீசிப் பழகுறோம். நீங்க அதையே கண்ணுக்குத் தெரியாம உள்ளயே வச்சுட்டீங்க. மூளைண்ணே உங்களுக்கு!"

உங்களுக்குப் புரிய வேண்டும் என்றால் இதைச் சொல்ல வேண்டும், சாமி. மர மட்டை வளையாமல் இருக்க அதை நாலு திருகு வைத்த ஒரு மரச் சட்டத்தில் மாட்டி வைப்போம். அதற்குப் பெயர் பிரஸ். கையில் பலம் ஏறுவதற்காகப் பிரஸ்ஸோடு சேர்த்தே மட்டையை வீசிப் பழகுவது எங்கள் ஆட்டத்தில் எல்லாரும் செய்வது. பழகி முடித்துப் பிரஸ்ஸைக் கழற்றினால் மட்டை காற்றாக இருக்கும். நான் ஈயம் வைத்ததும் அதற்குத்தான் என்று அமலராணி நினைத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு மேல், அந்த வலியோடு, என்மேல் ஒரு சந்தேகம்கூட இல்லாமல்.

"உங்ககிட்ட கேட்க வேணாம்னுட்டாங்க அக்கா. அவங்களா சொல்லாம செய்யுறாங்க, நானும் தெரியாத மாதிரியே இருந்துக்கிறேன்னாங்க. மேட்சுக்கு முந்தின நாள் எடுத்துடுவீங்களாமே. அன்னைக்குப் பாருங்க, அக்கா கை எப்படிப் பறக்கப்போகுதுன்னு டீச்சரே சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றாள் சாரா.

நான் அவள் மட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். "உனக்கு வேணாம்மா. தோள் போயிரும்" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது, கல்யாணமாகாதவள், கை போனால் என்ன செய்வாள். நரம்பை மட்டும் பதமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் அமலராணி மட்டையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். "ஒரு தடவை பார்த்துக் குடுத்துருங்க" என்றாள். முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஃபவுண்டரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் பேட்டர்ன் ஷாப்பில் ஆள் இல்லை. நூலைப் பிரித்தேன். மூன்று முளையும் என் கண்ணுக்குத் தெரிந்தது. எடுப்பதற்குக் கால் மணி நேரம் போதும். நான் நாலாவது துளையைப் போட்டேன்.

சாயங்காலம் மட்டையைக் கொடுத்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டாள்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"எனக்கு எப்பவோ தெரியுங்க" என்று சிரித்தாள். வாசலில் இறங்கி நின்று இரண்டு தடவை வீசிப் பார்த்தாள். மூன்றாவது தடவை வீச ஓங்கி, பாதியில் நிறுத்தினாள். மட்டையைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தாள். விரலில் நிறுத்திப் பார்க்கவும் இல்லை. அதுதான் நான் எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேனே.

"அப்ப என் கைதாங்க கனக்குது" என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன். அது பொய், சாமி. அந்த ஒரு பொய்யை மட்டும் வேண்டுமானால் பாவமாக வைத்துக்கொண்டு எனக்கு மன்னிப்புக் கொடுங்கள்.